சிப்பிக் குடலில் கலந்த நீலம்

என் பெயர் ரமோனா ஆர்சே முரீயோ. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் லிப்ராதோ மேசா, முக்குளிப்பவர். மெக்சிகோ நாடு, தெற்கு பாஹா கலிஃபோர்னியா மாநிலம், முலெஹே வட்டம், புந்தா செனீசா கிராமத்தில், மீனவர் கூட்டுறவுச் சங்கத்து ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் பச்சைக் கதவு போட்ட வீட்டில் குடியிருக்கிறேன். சங்கத்தில் சிப்பி சுத்தம் செய்யும் கொட்டகைக்கு மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். அபுந்தியோ மயோரல் என்பவர் என்மீது கொடுத்திருக்கும் புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதன் பிறகு, பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று அதிகாரி சொன்னார். அந்த உரிமையை அபுந்தியோவுக்குக் கொடுத்துவிடுங்கள், அவருக்குத்தான் தேவைப்படும் என்றேன். இதையெல்லாம் எழுத முடியாது என்றார். எழுதச் சொன்னேன்.

அதிகாரி மலைப் பக்கத்து ஊர்க்காரர் போலிருக்கிறது. ஒரு சிப்பியின் குடலுக்காகவா இவ்வளவு ரகளை என்று கேட்டார். அதனால் சொல்லவேண்டியிருக்கிறது. நாங்கள் எடுப்பது அபுலோன். அதற்கு ஓடு ஒன்றுதான். உள்ளே பெரும்பகுதி கால். அந்தக் கால் பாறையைப் பிடித்துவிட்டால் இரும்புப் பட்டையை அடியில் செருகி நெம்பினால்தான் வரும். முதல் நெம்பில் வராவிட்டால் ஓடு உடையுமே தவிர பிடி விடாது. எங்கள் ஊர்ப் படகுகள், பள்ளிக்கூடம், கோவில் மணி, அதிகாரி இப்போது குடித்துக்கொண்டிருக்கிறாரே அந்தக் காப்பியை அவருக்கு நான் வாங்கிக் கொடுக்கும் வசதி, எல்லாம் அந்தக் காலை நம்பித்தான் நிற்கின்றன.

சில கோடைகளாகக் கடல் சூடேறிக்கொண்டு வருகிறது. முதலில் தெற்கு வளைகுடாவில் அபுலோன் தின்னும் பாசிக்காடு கரைந்தது. அதன் பிறகு ஒருநாள் என் கணவர் தெற்கு வளைகுடாவிலிருந்து ஓர் அபுலோனைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டு, பட்டை எடுக்கவில்லை, விரலால் சுண்டினேன், கையோடு வந்துவிட்டது என்றார். கால் சுருங்கி, தோல் தொங்கி, ஓட்டின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். என் பயத்தை மறைக்கத்தான் நான் அவர்களை, வேலையைப் பாருங்கடி என்று ஏசினேன்.

அதன் பிறகு சங்கம் நூபியா கர்ராஸ்கோ என்ற உயிரியல் படித்த பெண்ணை வரவழைத்தது. அந்தப் பெண்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. வந்த அன்றே என் கொட்டகைத் தரையைப் பார்த்து முகம் சுளித்தாள். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சொன்னது இது:

"அபுலோன் குடல்ல ஒரு கிருமி இருக்கு. தண்ணி குளிர்ச்சியா இருக்கிறவரைக்கும் அது சும்மா கிடக்கும். சூடாச்சுன்னா பெருகும். அப்புறம் அபுலோன் எவ்வளவு பாசி தின்னாலும் உடம்புல ஒட்டாது. பசி தாங்காம தன் காலையே கரைச்சுத் தின்னும். கால் போனா பிடி போச்சு. நீங்க குடலைத் தூக்கிக் கடல்ல போடுறீங்க பாருங்க, கிருமியையும் சேர்த்துத்தான் போடுறீங்க."

அதற்கு அபுந்தியோ மயோரல் எழுந்தார். அவர் சிங்கி இறால் பிடிப்பவர், சங்கத்தின் கடல் காவலுக்கும் அவர்தான் தலைவர். காவலுக்கு யாரை வைத்திருந்தோம் என்பதை அதிகாரி கவனிக்க வேண்டும். அவர் கேட்டார்:

"கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குப் பயந்து கடலைப் பூட்டிட்டுப் போகச் சொல்றீங்க. அந்தப் பூச்சிக்கு நம்ம சங்கத்துல ஓட்டு இருக்கா டாக்டரம்மா?"

கூட்டம் சிரித்தது. என் கணவரும் சிரித்தார்.

அபுந்தியோவுக்கு ஏன் வலித்தது என்பது ஊருக்கே தெரியும். சிங்கிக் கூட்டில் வைக்க அபுலோன் குடலைப் போல் இரை வேறு கிடையாது. எங்கள் ஊரில் முக்குளிப்பவன் தன் படகில் வந்த அபுலோனின் குடலைத் தன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவருக்குத்தான் கொடுப்பான். வாளியை அவர் வாசலில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட வேண்டும். அது மரியாதை. கொடுக்காவிட்டால் அந்த வீட்டோடு முகம் முறிந்தது என்று அர்த்தம். எங்கள் மகள் டெல்ஃபினாவுக்கு ஞானத்தகப்பன் அபுந்தியோதான். அவளுக்கு ஞானஸ்நானம் நடந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டு வாளி அவர் வாசலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்றைய கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். தெற்கு வளைகுடாவில் மிஞ்சியிருக்கும் அபுலோனை எடுத்து முடித்துவிடுவது, குடல் ஒரு துண்டுகூடக் கடலுக்குப் போகக்கூடாது, இரையாகவும் போகக்கூடாது, கொட்டகையில் பீப்பாயில் சேர்த்து மறுநாள் காலை சுண்ணாம்புக் குழியில் புதைப்பது என்று முடிவானது. வடக்கே குளிர்முனை இருக்கிறது. அங்கே அடிக்கடலிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறுகிறது. அங்கே இருக்கும் அபுலோனை யாரும் தொடுவதில்லை என்று ஏற்கெனவே மிதவை கட்டி மூடி வைத்திருக்கிறோம். இனி கரை முழுவதற்கும் குஞ்சு அங்கிருந்துதான் பரவ வேண்டும். அதுவும் போனால் புந்தா செனீசாவில் சாவு வீட்டுக்கு மட்டும்தான் ஆள் கூடும்.

தீர்மானத்தை மீறுகிறவனைச் சங்கத்திலிருந்து நீக்குவது என்று தலைவர் சொன்னார். அது போதாது என்று நான் எழுந்தேன். சங்கத்தில் ஒருவருடைய இடம் அவருக்குப் பிறகு அவர் பிள்ளைக்குப் போவது எங்கள் வழக்கம். மீறுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த இடம் கிடையாது என்று சேர்த்து எழுதுங்கள் என்றேன். தகப்பனை நீக்கி மகனைச் சேர்த்துக்கொண்டால் அது என்ன தண்டனை என்று கேட்டேன். ஞானத்தகப்பன் முறையில் என்னை மதனி என்று கூப்பிடும் அபுந்தியோ என் பக்கம் திரும்பி, "மதனி நம்ம குடும்பத்தையே கழுவுல ஏத்திருவாங்க போலிருக்கே" என்றார். கை தூக்கச் சொன்னபோது எல்லோரும் தூக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் தூக்கினார். கொஞ்சம் தாமதமாகத் தூக்கினார். தோள் வலி என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு முக்குளிப்புத் தோள்வலி உண்டு.

இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து பீப்பாயில் குடல் குறைந்துகொண்டு வந்தது. மாலையில் மூடிவைக்கும்போது விளிம்பு வரை இருப்பது காலையில் ஒரு சாண் இறங்கியிருக்கும். வற்றிப்போயிருக்கும் என்று பெண்கள் சொன்னார்கள். குடல் என்ன குளமா வற்றுவதற்கு? காவல் தலைவர் என்ற முறையில் அபுந்தியோவிடம் கொட்டகைச் சாவி ஒன்று இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லாமல் பூட்டை மாற்றினேன். புதிய பூட்டுக்கு ஒரே சாவி. அதை என் வீட்டுச் சமையலறை ஆணியில் மாட்டினேன். அதன் பிறகும் குடல் குறைந்தது. பின்பக்கத்துத் தகரத்தை நெம்பி அபுந்தியோ உள்ளே வருகிறார் என்றே நினைத்தேன். தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு ஆணிகூட அசையவில்லை. ஆனாலும் எனக்கு வேறு ஆள்மேல் சந்தேகம் வரவில்லை. வரவேண்டிய சந்தேகம் ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். வீட்டில் இருக்கும் ஆளை யாராவது வேவு பார்த்துக்கொண்டா சமைப்பார்கள் என்று திருப்பிக் கேட்டேன்.

அதன் பிறகு, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய், பீப்பாயில் இருந்த குடலில் ஊற்றிக் கிளறி, அதன்மேல் ஒரு கை புதுக்குடலைப் பரப்பி மூடினேன். அபுலோன் குடல் கரும்பச்சையாக இருக்கும். பீப்பாய்க்குள் பார்த்தால் நீலம் தெரியாது. கையில் பட்டால் தெரியும். பட்ட பிறகு சீக்கிரம் போகாது.

மறுநாள் நூபியா குளிர்முனையில் தண்ணீரின் சூடு பார்க்கப் போவதாக இருந்தது. படகில் நானும் ஏறிக்கொண்டேன். மூடிய பகுதியின் மிதவைக்கு ஒட்டினாற்போல், வெளியே, சிவப்பும் வெள்ளையும் அடித்த அபுந்தியோவின் மிதவைகள் வரிசையாக நின்றன. முதல் கூட்டை இழுத்தேன். உள்ளே சிங்கிகள் கொழுத்துக் கிடந்தன. இரைப் பெட்டியைத் திறந்தேன். நீலம் வழிந்தது. படகின் வெள்ளைப் பலகையில் சொட்டி ஓடியது.

நூபியா அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது போதும் அக்கா. கூட்டை அப்படியே விடுங்க, ஃபோட்டோ எடுத்துக்கலாம், கூட்டத்துல வைப்போம்" என்றாள்.

"கூட்டத்துல அவர் ஒரு நக்கல் அடிப்பாரு, நீங்க எல்லாரும் சிரிப்பீங்க. தள்ளும்மா" என்றேன்.

கூடுகள் அனைத்தையும் இழுத்துப் படகில் ஏற்றினேன். சிங்கிகளைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். இரையை எல்லாம் வழித்து ஒரு வாளியில் சேர்த்தேன். கரைக்கு வந்து கூடுகளை மணலில் பரப்பி, கொட்டகை வண்டியை எடுத்துவந்து அவற்றின்மேல் ஏற்றினேன். ஒருமுறை போய், பின்னால் வந்து, மறுபடி போனேன். கூடுகளைச் சேதப்படுத்தியதாகப் புகாரில் உள்ளது. சேதம் என்பது சின்ன வார்த்தை. அவற்றைத் தட்டையாக்கினேன். இனி அவற்றில் சிங்கி அல்ல, காகிதம்தான் வைக்கலாம்.

அப்போது அபுந்தியோ ஓடிவந்தார்.

"மதனி! கிறுக்குப் புடிச்சிருச்சா? வண்டியை நிறுத்துங்க!"

நிறுத்தி இறங்கினேன். வாளியை அவர் முன்னால் வைத்து, "இது என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"இரை."

"எங்க வச்சிருந்தீங்க?"

"மிதவைக்கு வெளியில. வேணும்னா கயிறு போட்டு அளந்துக்கோங்க."

"தண்ணி அந்த எல்லை மிதவைகிட்ட வந்து நின்னுட்டு, உள்ள வரலாமான்னு கேக்குமா?"

"அங்க அபுலோன் எல்லாம் கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு மதனி. நானே பாத்தேன். எந்தப் பூச்சியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு சம்பளத்துக்குக் கதை சொல்றா, நீங்க ராட்டினம் மாதிரி ஆடுறீங்க."

"கொட்டகையில பூந்து திருடின கை பேசுது பாரு" என்றேன்.

அதற்கு அவர் சிரித்தார். சத்தமாகச் சிரிக்கவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டதால் என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நான் ஏன் திருடணும்? வாளி மரியாதையா என் வாசலுக்கு வந்துச்சு. எப்பவும் வர்ற மாதிரி. பூட்டை மாத்துனது நீங்க. சாவி யாரு வீட்டு ஆணியில தொங்குது மதனி?"

நான் வாளியை வீசி அவர் வாயில் அடித்தேன். வாளி தகர வாளி. ஆத்திரத்தில் யோசிக்காமல் அடித்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று அதிகாரி கேட்டார், அப்படி எழுதினால் எனக்கு நல்லதாம். வேண்டாம். அவர் சொன்னது புரிந்தது. புரிந்ததால்தான் அடித்தேன். குடலும் நீலமும் அவர் சட்டை முழுக்க வழிந்தன. புகாரில் இரண்டு பல் விழுந்ததாக எழுதியிருக்கிறார். ஒன்றுதான் விழுந்தது. இன்னொன்று அவருக்குப் பல காலமாகவே கிடையாது, ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

அதன் பிறகு நேராக வீட்டுக்குப் போனேன். மத்தியான நேரம். என் கணவர் மேசையில் உட்கார்ந்து பயறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டியால் சாப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ரொட்டியைப் பிய்த்துத்தான் பயறை வழித்துச் சாப்பிடுவார், கரண்டி வைத்தால் நான் என்ன ஆஸ்பத்திரியிலா இருக்கிறேன் என்பார். ரொட்டி துணிக்குள் மூடினது மூடினபடி இருந்தது. இடது கை மேசைக்கு அடியில் இருந்தது.

நான் துணியை விலக்கி ஒரு ரொட்டியை அவர் முன்னால் வைத்தேன்.

"பிச்சுச் சாப்பிடுங்க" என்றேன்.

"பசி இல்ல."

"ரெண்டு கையாலயும் பிச்சுச் சாப்பிடுங்க."

இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். நகக்கண் எல்லாம் நீலம். ரேகைகளில் நீலம். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி விட்டிருந்தார், அதன் ஓரத்திலும் நீலம்.

"யோவ் லிப்ராதோ" என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. "சுருங்கிப்போன அபுலோனை என் மேசையில கொண்டாந்து போட்டது நீதானய்யா?"

"நான்தான்" என்றார். "என்னை என்ன பண்ணச் சொல்ற? அவரு வந்து வாசல்ல நின்னாரு. எம் புள்ளைக்குத் தலையில கை வச்ச மனுசன். வாளி வரலையே லிப்ராதோ, உங்க வீட்ல எதுவும் மனத்தாங்கலான்னு கேட்டாரு. நான் எப்பிடி மாட்டேங்கிறது?"

"மாட்டேன்னு சொல்லணும். வாய் இருக்குல்ல?"

"கொஞ்சம் குடல், ரமோனா. கடல் எவ்வளவு பெருசு. இது போய் என்ன செஞ்சிரப் போகுது?"

"அது எங்க போச்சுன்னு தெரியுமா உனக்கு? குளிர்முனைக்குப் போச்சு."

அவருக்கு அது தெரியாது. அதை நான் நம்புகிறேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். முகம் வெளுத்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அதன் பிறகு அவர் சொன்னது, "டெல்ஃபினாவுக்குத் தெரிய வேணாம். இதை வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாம்" என்பது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வெளியே கொட்டினேன்.

எங்கள் மகள் டெல்ஃபினாவுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவோடு போய் முக்குளிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எங்கள் சங்கத்தில் இதுவரை முக்குளிப்பவராகப் பெண் யாரும் இருந்ததில்லை. தோள்வலி காரணமாக என் கணவர் வருகிற பருவத்தில் விலகி இடத்தை அவளுக்குக் கொடுப்பதாக இருந்தது. தலைவர் சரி என்று சொல்லிவிட்டார். அவளுக்கான ரப்பர் உடை தைத்து வந்து வீட்டில் தொங்குகிறது. அந்தச் சாவி ஆணிக்குப் பக்கத்து ஆணியில்.

மறுநாள் நூபியா குளிர்முனையில் இறங்கிப் பார்க்க ஆள் கேட்டாள். டெல்ஃபினாதான் இறங்கினாள். இதில் அப்பாவுக்குப் பங்கு உண்டு என்று அவளுக்குத் தெரியாது. மேலே வந்து, "அம்மா, எல்லாம் கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு. பட்டையையே வளைச்சிரும் போல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம் வந்தது. நூபியா அதைக் கெடுத்தாள். அபுலோன்களில் சிலவற்றை எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பிவிட்டு அவள் சொன்னது: "இப்ப தண்ணி குளிர்ச்சி. கிருமி உள்ள போயிருந்தாலும் வெளியில எதுவும் தெரியாது. கோடை வரட்டும். அப்பத்தான் தெரியும்." போகவில்லை என்று சொல்லேன்டி என்று அவள் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவள் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண், அதனால்தான் அவளை ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை.

அபுந்தியோ இதைத்தான் பிடித்துக்கொண்டு இப்போது ஊரெல்லாம் பேசுகிறார். அபுலோன் நன்றாக இருக்கிறது, அப்படியானால் நான் செய்த கெடுதல் என்ன, காட்டு என்கிறார். கெடுதலைக் கோடையில்தான் காட்ட முடியும், அதுவும் எல்லாம் செத்த பிறகு. அதுவரை அவர் புகார்தாரர், நான் குற்றவாளி. நல்ல நியாயம்.

இன்று காலை என்னை இந்த அலுவலகத்துக்கு வண்டியில் கூட்டிவந்தது என் கணவர். இறங்கும்போது, "கூடு விசயத்தை மட்டும் சொல்லிட்டு வா. அதுக்கு நஷ்டஈடு கட்டிரலாம். பீப்பாய்ல குடலை எடுத்தது யாருன்னு யாருக்கும் தெரியாது, பூட்டு மாத்துனதும் தெரியாது" என்றார். என் ஸ்வெட்டரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கணவருக்கு எதிராக மனைவி எதுவும் சொல்லவேண்டியதில்லை, சட்டம் கட்டாயப்படுத்தாது என்று அதிகாரி இரண்டாம் முறையாகச் சொன்னார். இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடலாமா என்றும் கேட்டார். விடவேண்டாம். கொட்டகையைத் திறந்து குடலை எடுத்தவர் லிப்ராதோ மேசா, என் கணவர். அதை வாங்கிக் குளிர்முனையில் வைத்தவர் அபுந்தியோ மயோரல். கூடுகளை நொறுக்கியதும் அபுந்தியோவை அடித்ததும் நான், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று எங்கள் சங்கத்துக்குப் போகவேண்டும். பிள்ளைக்கும் இடம் கிடையாது என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவள் நான். அது அபுந்தியோ வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை. டெல்ஃபினாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த உடையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்தர் இவை அனைத்தையும் தொடக்கத்திலிருந்து எனக்குப் படித்துச் சொன்னார். பல் கணக்கில் ஒரு பிழை இருந்தது, சொன்னேன், திருத்தினார். மற்றதெல்லாம் நடந்தபடி, நான் சொன்னபடி உள்ளது. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ என்னைச் சொல்லவைக்கவில்லை. சொல்லாமலிருக்கச் சொன்னவர்கள்தான் உண்டு, அதில் இந்த அதிகாரியும் ஒருவர். சாட்சி வேண்டுமென்றால் என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கையை இன்றே பார்த்துவிடுங்கள். மூன்று நாளாக எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் போகவில்லை.

(ஒப்பம்) ரமோனா ஆர்சே முரீயோ